குறை கேட்ட ஆயுத பூஜை

ராஜபாளையத்தை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. பஸ்கள் போய்க்கொண்டேதான் இருந்தன, ஏறத் தோன்றவில்லை. இடது பக்கம் மலை கூடவே வந்தது.

பேண்டேஜ் துணி வெளுக்கும் கம்பெனியில் எட்டு மாதம் இருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து எந்த வேலையிலும் அவ்வளவு நாள் நின்றதில்லை. பொங்கலுக்குப் பிறகு நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். இங்கேயே இருந்துவிடலாம் என்று எனக்கும் ஆசை வந்திருந்தது.

ஆயுத பூஜையன்று மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தோம். முதலாளி எங்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொரி கொடுத்தார். “குறை இருந்தா மனசு விட்டுச் சொல்லுங்கப்பா. என்னை அண்ணனா நெனச்சுக்கோங்க” என்றார்.

நான் நினைத்துக்கொண்டேன்.

“வெளுப்பு செட்டுல காத்தாடி நின்னு மூணு மாசமாச்சு மொதலாளி. மருந்து நெடில அக்காமாருக்குக் கண்ணு எரியுது.”

பக்கத்தில் இருந்தவர்கள் பொரியைப் பார்த்தார்கள். முதலாளி சிரித்தார். “சரி, பாப்போம்.”

இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் கேட்டிலேயே நிறுத்தினார். “ஒனக்கு இனி வேலை இல்லலே.”

“என்ன அண்ணாச்சி தப்பு பண்ணேன்?”

“வருசா வருசம் மொதலாளி கேப்பாக, நாம ஒண்ணுமில்லம்போம். சூடம் காட்டுத மாதிரி அதுவும் பூசைல ஒண்ணுலே. அன்னிக்கு அவிய மாமனாரு வேற உக்காந்திருந்தாரு.”

“காத்தாடி?”

“அது நேத்தே மாட்டியாச்சு.”

உள்ளே அது ஓடும் சத்தம் கேட்டது. வெளுப்பு செட்டு அக்கா ஒருத்தி, நான் முன்பு உள்ளே விட்டுப்போன என் தூக்குச்சட்டியை எடுத்து வந்தாள். “வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா” என்று திட்டிக்கொண்டே தன் சோற்றில் பாதியை அதில் போட்டுக் கொடுத்தாள்.

இப்போதும் பேண்டேஜ் துணியைப் பார்த்தால் அங்கே சாப்பிட்ட மதியங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஈரத்துணிகளுக்கு நடுவே வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் குழம்பை ஒருவர் பழித்துக்கொண்டே தின்போம். அப்போது மட்டும் எல்லோருக்கும் வாய் இருந்தது.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற ஒருவருக்கு ஆள் வேண்டியிருந்தது. பழைய இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டார்.

“மொதலாளி குறை கேட்டாக. சொல்லிட்டேன்.”

“நான் கேக்க மாட்டேன்” என்று துடுப்பைக் கையில் கொடுத்தார். சட்டியில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. அடிபிடிக்குமுன் கிண்டத் தொடங்கினேன்.