ஞானம்மா கட்டிய மணல் மூட்டைகள்

ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலைப் பிடித்து மீஞ்சூரில் இறங்கி, அங்கிருந்து வேனில் கழிமுகத்துப் பக்கம் வேலைக்குப் போகிற பெண்களில் ஞானம்மாவும் ஒருத்தி. வயது நாற்பத்தெட்டு. படிப்பு அஞ்சாவது. பதினைந்து வருஷம் கட்டட வேலையில் சித்தாளாக மண் சுமந்தாள். முட்டி தேய்ந்த பிறகு, படகு கட்டுகிற ஒரு யார்டில் காண்டிராக்டில் சேர்ந்தாள். பெருக்குவது, துரு சுரண்டுவது, சாமான் தூக்குவது என்று எதைச் சொன்னாலும் செய்வாள். வேலையைத் தொடுவதற்கு முன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஸ்தோத்திரம் சொல்லுவாள்.

"மணவாளன் சாரு அந்த ஒரு நிமிசத்தையும் சம்பளத்துல புடிச்சிக்கப் போறாரு, பாத்துக்கோ" என்று கூட வேலை செய்கிற சந்திரகலா கிண்டல் பண்ணுவாள். மணவாளன் அங்கே சூப்பர்வைசர்.

"புடிச்சிக்கட்டும். மீதி நிமிசம்லாம் அவுருக்குத்தான குடுக்கறேன்" என்பாள் ஞானம்மா.

அந்த வருஷம் யார்டில் அறுபது பேர் போகிற ஒரு இரும்புப் படகு உருவாகிக்கொண்டிருந்தது. அடியில் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஒரு கம்பி, அதிலிருந்து விலா எலும்பு மாதிரி வளைவுகள், அதன்மேல் தோல் போர்த்தியதுபோல் தகடு. தண்ணி ஒரு பக்கம் புகுந்தால் மறுபக்கம் போகாமல் உள்ளே அறை அறையாகத் தடுப்பு. சுரண்டப் போகும்போதெல்லாம் ஞானம்மா அதைத் தடவிப் பார்ப்பாள். ஆண்டவர் மனுஷனைச் செய்தமாதிரியே இருக்குதே என்று தோன்றும்.

பாதி வேலையில் ஓனர் வந்து, மேலே இன்னொரு தளம் வேண்டும் என்றார். ஜனங்கள் மேலே நின்று போட்டோ எடுக்கத்தான் விரும்புவார்களாம். மேல்தளம் ஏறியது. கூரையும் சீட்டும் ஏறின. கணக்குப் பார்க்கிற இன்ஜினியர் பூவராகவன் மட்டும் முகத்தைச் சுளித்தார். மெல்லப் பேசுகிற மனுஷன். மணல் மூட்டை கட்டச் சொல்ல வந்தபோது ஞானம்மா எதற்கு என்று கேட்டாள். அவளையும் ஒரு ஆளாக மதித்துச் சொன்னார்.

"படகோட கனம் எங்க உக்காந்திருக்குங்கறதுதாம்மா விஷயம். கீழ உக்காந்தா சாஞ்சாலும் நிமிரும். மேல ஏறிட்டா, சாஞ்சது நிமிராது. அது கண்ணுக்குத் தெரியாது. அதனால சரியா எடை போட்ட மூட்டைய ஒரு ஓரத்துலருந்து அடுத்த ஓரத்துக்கு மாத்தி வச்சு, எவ்வளவு சாயுதுன்னு பாப்போம். கொஞ்சமா சாஞ்சா நல்ல படகு. நிறைய சாஞ்சா மேல்தளத்த வெட்டி எடுத்துடணும்."

இருபது மூட்டை. ஒவ்வொன்றும் இருபத்தஞ்சு கிலோ. கடற்கரை மணல் பொடிசு. காற்றுக்குப் பறந்தது, சிமெண்டுச் சாக்கின் இடுக்கில் ஒழுகியது. கட்டடத்தில் என்ன செய்வார்களோ அதையே ஞானம்மா செய்தாள். ரெண்டு குடம் தண்ணி தெளித்து மணலை நனைத்துக்கொண்டாள். நனைந்த மணல் பேச்சுக் கேட்கும். தராசில் வைத்து இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு என்று நிறுத்துக் கட்டினாள். மணவாளன் ஒவ்வொரு மூட்டைமேலும் சிவப்புப் பெயிண்டில் 25 என்று எடையை எழுதினார்.

டெஸ்டைப் பார்த்து சர்டிபிகேட் கொடுக்க மறுநாள் வரவேண்டிய அதிகாரி பதினோரு நாள் கழித்து வந்தார். சித்திரை வெயில். மூட்டைகள் தகடுமேல் கிடந்தன.

டெஸ்ட் அன்று மேலேயிருந்து நூல் கட்டி ஒரு குண்டைத் தொங்கவிட்டார்கள். ஆடாமல் இருக்க குண்டு எண்ணெய் வாளிக்குள் முங்கியிருந்தது. ஆண்கள் மூட்டைகளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினார்கள். நூல் கொஞ்சம்தான் நகர்ந்தது. பூவராகவன் மூட்டைமேல் எழுதியிருந்த எடையைக் குறித்துக்கொண்டு கணக்குப் போட்டார். மயிரிழையில் பாஸ். ஓனர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்.

அடுத்த நாள் மூட்டைகளை இறக்க ஞானம்மாவை அனுப்பினார்கள். முதல் மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்ததும் நின்றுவிட்டாள். இருபத்தஞ்சு கிலோ எப்படி அழுத்தும் என்று அந்த இடுப்புக்குத் தெரியும். இது அது இல்லை. நேராகக் கொண்டுபோய்த் தராசில் வைத்தாள். இருபத்தொன்றரை. இன்னொன்று வைத்தாள். அதுவும் அப்படியே. தண்ணி காய்ந்துபோயிருந்தது.

கனம் குறைந்த மூட்டையை மாற்றினால் படகு கொஞ்சமாகத்தானே சாயும்? படகு நல்லதாக இல்லை, மூட்டைதான் பொய்.

மணவாளனிடம் போனாள். "சார், தப்பு எம்மேலதான். நான்தான் மணல நனைச்சி கட்டினேன். எடை குறைஞ்சிபோச்சி. இன்ஜினியர் சாருக்கு ஒரு போன் போடுங்க சார்."

மணவாளன் தராசைப் பார்த்தார். "சாக்குல ஓட்டை இருந்திருக்கும்."

"இருபதையும் வச்சிப் பாருங்க சார்."

"இன்னாத்துக்கு? சர்டிபிகேட் வந்துடுச்சி. அவுரு வேற ஊருக்குப் போயிட்டாரு. நீ அஞ்சாவது, அவரு இன்ஜினியரு. உனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாதா?" குரலை உயர்த்தாமல் சொன்னார். "போ, இந்த மணல எல்லாம் புது ஷெட்டு பள்ளத்துல கொட்டிட்டு வா."

அவள் கொட்டினாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபது மூட்டையையும் தன் கையாலேயே அவிழ்த்துப் பள்ளத்தில் சரித்தாள். அதற்கப்புறம் எடை போட்டுக் காட்ட எதுவும் மிச்சமில்லை.

படகை ஓட்டிக்கொண்டு போக வந்திருந்தவன் பரசுராமன். ரெண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்துவிட்டு வந்தவன். டீ நேரத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். "இன்னாக்கா, நல்ல நாள் பாத்து பேஜார் குடுக்கற?" அவள் சிரிக்காததைப் பார்த்து டீயைக் கீழே வைத்தான்.

அன்று சாயங்காலம் அவன் ஓனரிடம், இன்னொரு தடவை டெஸ்ட் வைத்தால்தான் எடுத்துக்கொண்டு போவேன் என்றான். மறுநாள் கேட்டுக்குள் அவனை விடவில்லை.

வேன் நிற்கிற இடத்தில் பையோடு உட்கார்ந்திருந்தான். ஞானம்மாவுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது. "தம்பி, நான் வாய வச்சிக்கினு இருந்திருக்கணும். உன் பொழப்ப கெடுத்துட்டேன்."

"நான் கரையிலதான இருக்கறேன், வுடுக்கா" என்றான். "எனக்குப் பதிலா ஒருத்தன் வந்துகினு இருக்கறானாம். ஊரு பேரு தெரியல, நம்பரு தெரியல. நான் எங்கன்னு போயி சொல்றது?"

வியாழக்கிழமை காலையில் படகு கிளம்பியது. ஞானம்மாவை வேறொரு படகின் வயிற்றுக்குள் துரு சுரண்ட விட்டிருந்தார்கள். என்ஜின் சத்தம் கேட்டதும் சுரண்டியைப் போட்டுவிட்டு, முட்டி வலியோடு ஏறி வெளியே வந்தாள். புது டிரைவர் சின்ன வயசு. கயிறு அவிழ்த்தாகிவிட்டது.

"தம்பி, மேல யாரையும் ஏத்தாத" என்று கத்தினாள். ரெண்டு கையையும் தலைக்குமேல் வீசினாள். "மேல ஏத்தாதப்பா, சாஞ்சிடும்."

அவன் திரும்பிப் பார்த்தான். என்ஜின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை போலும். வழியனுப்புகிறாள் என்று நினைத்து, சிரித்த முகமாய் அவனும் கையை ஆட்டினான்.

"யாருக்குடி டாட்டா காட்டிக்கினு இருக்கற?" என்று பின்னாலிருந்து சந்திரகலா கேட்டாள்.

ஞானம்மா ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினாள். அவன் பேர் சொல்லி ஆரம்பிக்க வேண்டும். பேர் தெரியவில்லை.