பத்தொன்பதாவது வரி

என் அக்காவின் கணவரை அலுவலகத்தில் ‘ஆதாரம்’ என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. பதிவு அலுவலகத்தின் ஆவண அறை அவர் பொறுப்பு. ஜன்னல் இல்லாத நீள அறை. பிறப்பு, இறப்பு, சொத்து என்று கூரைவரை பதிவேடுகள். யாராவது வந்து கேட்டால் தேடி எடுத்து, நகல் போட்டு, ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கொடுப்பார். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி.

வீட்டிலும் அதே ஆள்தான்.

“மழை வரும்போல இருக்கு, துணிய எடுக்கணும்” என்பாள் அக்கா.

“யார் சொன்னா?”

“வானம் சொல்லுது.”

“அது நேத்தும் இதையேதான் சொல்லிச்சு.”

துணி நனைந்த பிறகு அவரே போய் எடுத்துக்கொண்டு வருவார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் அவர்களோடுதான் இருக்கிறேன். பகலில் ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறேன். கூடத்தை ஒரு அலமாரி இரண்டாகப் பிரிக்கிறது. அலமாரிக்கு இந்தப் பக்கம் என் பாய், அந்தப் பக்கம் அத்தானின் மேசையும் கம்ப்யூட்டரும். ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்ததும் அங்கே போய் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு. எழுதுகிற செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று வரிக்கு வரி அடியில் காட்ட வேண்டும். புத்தகம், செய்தித்தாள், விசாரணை அறிக்கை என்று அச்சில் வந்த ஏதாவது ஒன்று. அந்த ஆதாரம் நம்பத்தக்கதா இல்லையா என்று அடித்துக்கொள்வதற்கு ஒரு தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் பேசி ஓய்ந்ததும், அந்தச் சண்டையில் சம்பந்தப்படாத ஒருவர் வந்து முடிவு எழுதிக் கையெழுத்திட்டு மூடிவிடுவார். அப்படி மூடுகிற நாலைந்து பேரில் அத்தானும் ஒருவர். முந்நூறுக்கு மேல் மூடியிருக்கிறார்.

ஒரு பாலத்துக்கு வயது எண்பதா நூறா என்று இரண்டு பேர் நாற்பது நாள் சண்டை போட்டார்கள். பாலம் கட்டியவரின் பேரப்பிள்ளைகள் அச்சிட்ட மலர்தான் நூறுக்கு ஆதாரம். “தாத்தா பெருமை பேசும் மலரை வைத்துப் பாலத்தின் வயதைக் கணக்கிட முடியாது” என்று அத்தான் எழுதி மூடினார். அன்று மத்தியானம் ஒரு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டார். இதையெல்லாம் எனக்கு அவர்தான் சொல்லுவார். அக்கா கேட்கமாட்டாள். நான் துணி மடித்துக்கொண்டே கேட்பேன்.

“ஒருத்தன் ஒண்ணு சொன்னா, சரியா தப்பான்னு பாக்காத சின்னவளே. எங்கேர்ந்து எடுத்தான்னு பாரு” என்பார்.

எங்கள் அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு செருப்புக் கம்பெனியில் தீப்பிடித்தது. பசை ஒட்டுகிற பிரிவு. கதவு வெளியே பூட்டியிருந்தது. இருபத்தாறு பெண்கள். அம்மாவுக்கு அந்தக் கம்பெனியில் வேலையே கிடையாது. எதிர்வீட்டுக்காரிக்குத்தான் வேலை. அன்று அவளுக்குக் காய்ச்சல். ஒருநாள் வராவிட்டால் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்பதால், முடியாத நாளில் வேறு யாரிடமாவது டோக்கனைக் கொடுத்து அனுப்புவது அங்கே வழக்கம். மேஸ்திரிக்கும் தெரியும், கண்டுகொள்ளமாட்டார். அவருக்கு ஆள் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். அம்மா அவளுடைய தகர டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள்.

ஆளை அடையாளம் தெரியவில்லை. டோக்கன் நம்பரைப் பார்த்து உடலைக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரியின் புருஷன் கையெழுத்துப் போட்டு உடலையும் நஷ்டஈட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டான். அந்த வாரமே அந்த வீடு காலியாகிவிட்டது. அவர்கள் போகிற அன்று விடியற்காலையில், அவள் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறியதை நான் பார்த்தேன். எனக்குப் பதினோரு வயது. காவல் நிலையத்தில் சொன்னேன். “அம்மா போன துக்கத்துல குழந்தை ஏதோ சொல்லுது” என்றார்கள். அம்மாவைக் காணாமல் போனவள் என்று எழுதிக்கொண்டார்கள். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் போவது அதோடு நின்றது.

விசாரணை அறிக்கையில் செத்தவர்கள் பட்டியல் இருக்கிறது. கலைக்களஞ்சியத்திலும் அந்தப் பட்டியல்தான். பத்தொன்பதாவது வரியில் எதிர்வீட்டுக்காரியின் பெயர், வயது, பிரிவு.

அத்தானுக்கு இது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். ஆவண அறையில் அந்த வருடத்துப் பதிவேடுகள் எல்லாவற்றையும் தேடியிருக்கிறார். அம்மாவைப் பற்றி ஒரு வரி கிடைக்கவில்லை. “நீங்க சொல்றத நான் நம்பறேன்” என்பார் அக்காவிடம். “நான் நம்பறது ஆதாரம் ஆகாது.”

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா கைப்பேசியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“யார் வேணும்னாலும் மாத்தலாமாமே. உனக்குத்தான் டைப் அடிக்கத் தெரியுமே. மாத்து.”

“அத்தானுக்குத் தெரிஞ்சா?”

“அவருக்கு ஆயிரம் பக்கம் இருக்கு. இதையா பாத்துட்டு இருக்கப்போறார்?”

புதுப் பெயர் ஒன்றில் கணக்குத் தொடங்கி, பத்தொன்பதாவது வரியில் எதிர்வீட்டுக்காரியை எடுத்துவிட்டு அம்மா பெயரைப் போட்டேன். வயது என்ற இடத்தில் விரல் நின்றது. அக்கா அதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். முப்பத்தாறு என்று அடித்தேன். எனக்கு இப்போது முப்பத்தாறு. அம்மா என்னைவிடச் சின்னவளாக இருந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினோரு நாள் அது அப்படியே இருந்தது. பிறகு ‘மீன்கொத்தி’ என்ற புனைபெயரில் எழுதுகிற ஒருவர் பார்த்து, ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதிப் பழையபடி மாற்றிவிட்டார். அக்கா இரண்டு நாள் பேசவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாலு நாளில் ஒரு வாரப் பத்திரிகை, தீவிபத்து நடந்து இருபத்தைந்து வருடம் ஆனதென்று நாலு பக்கம் போட்டது. கடைசிப் பக்கத்தில் பட்டியல். பத்தொன்பதாவதாக எங்கள் அம்மா.

அக்கா கடைவாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆறு பிரதி வாங்கிக்கொண்டு வந்தாள். “அச்சுல வந்துடுச்சுடீ. இனிமே எவன் என்ன சொல்லுவான்?” என்றாள். அன்றைக்கே நான் மறுபடி அம்மா பெயரைப் போட்டு, அடியில் பத்திரிகையின் பெயரும் தேதியும் பக்க எண்ணும் கொடுத்தேன்.

மீன்கொத்தி விடவில்லை. இருபத்தைந்து வருடமாக இல்லாத பெயர் திடீரென்று எப்படி வந்தது என்று கேட்டு, சண்டைப் பக்கத்துக்குக் கொண்டுபோனார். ஐந்து பேர் எங்கள் பக்கம் பேசினார்கள். பத்திரிகைக்கு ஆசிரியர் இருக்கிறார், நிருபர் இருக்கிறார், புதிதாக விசாரித்துக் கண்டுபிடித்திருப்பார்கள் என்றார்கள். மீன்கொத்தி தனி ஆளாக நின்றார். இன்னும் ஒருவாரத்தில் யாராவது எங்கள் பக்கம் முடிவெழுதி மூடியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அத்தான் கேட்டார்.

“உங்க அம்மாவுக்கு அப்போ என்ன வயசு?”

“முப்பத்திநாலு” என்றாள் அக்கா. “அம்மாவுக்குப் பதினெட்டு வயசுல நான் பொறந்தேன். அப்ப எனக்குப் பதினாறு. எதுக்குக் கேக்கறீங்க?”

“பத்திரிகையில முப்பத்தாறுன்னு இருக்கு.”

“ரெண்டு வயசுதானே. எவனோ தப்பா கேட்டு எழுதியிருப்பான்.”

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். பக்க வரலாற்றில் எந்த மாற்றத்தை எந்த நாளில் யார் செய்தார் என்பதெல்லாம் அழியாமல் இருக்கும் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“நீதானா?” என்றார்.

தலையாட்டினேன்.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். நிருபர் சின்ன வயதுக்காரர். மேசை நிறைய காகித டம்ளர்கள்.

“இந்தப் பட்டியல் உங்களுக்கு எங்கேர்ந்து கெடச்சுது?”

“இணையத்துலதான் சார். கலைக்களஞ்சியத்துல இருக்கே.”

“அதைத் தவிர? தொழிலாளி யாராவது, பழைய மேஸ்திரி யாராவது பேசினாங்களா? ஒரே ஒரு ஆள் சொல்லியிருந்தாலும் போதும். நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“சார், காலையில கட்டுரைய கொடுன்னாங்க, மத்தியானம் பக்கம் முடிச்சாச்சு. இதுல நான் யார்கிட்ட போய்ப் பேசறது?”

அத்தான் இன்னொரு தரமும் கேட்டார். அவர் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டு நான் பார்த்ததில்லை. வெளியே வந்ததும் படியில் கொஞ்சநேரம் நின்றார். கர்சீப்பை எடுத்தார், துடைக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“நீங்க ஒண்ணும் எழுத வேண்டாங்க. யார் பக்கமும் பேச வேண்டாம். கம்ப்யூட்டர மூடிட்டுச் சும்மா இருங்க. மத்தவங்க முடிவு பண்ணிக்கட்டும்.”

“நாம எழுதுனத அவன் பாத்து எழுதியிருக்கான். அவன் எழுதுனத நாம ஆதாரம்னு காட்டறோம். ரெண்டும் ஒண்ணுதான்.”

“அது உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்?”

“அதான் பிரச்சனையே.”

“எங்க அம்மா செத்தது உண்மையா, இல்லையா?”

“உண்மை.”

“அப்புறம் என்ன?”

“முந்நூறு பேர் இதே மாதிரி எங்கிட்ட வந்தாங்க. எல்லாருக்கும் அவங்கவங்க சொன்னது உண்மைதான். திருப்பி அனுப்பிட்டேன்.”

“முந்நூத்தியோராவது ஆளா நானும் போறேன். சொல்லிடுங்க, போறேன்.”

அவர் எழுதினார். அலமாரிக்கு இந்தப் பக்கத்திலிருந்து விசைப்பலகை தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. பத்திரிகைப் பட்டியல் நம் கலைக்களஞ்சியப் பக்கத்திலிருந்தே நகலெடுக்கப்பட்டது, நிருபரிடம் நேரில் உறுதிசெய்தேன் என்று எழுதினார். அந்த மாற்றத்தைச் செய்தது என் வீட்டுப் பெண், இறந்தவர் என் மாமியார் என்றும் எழுதினார். அந்தக் கடைசி வரியை அவர் எழுதாமல் விட்டிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள்.

அரைமணியில் அம்மா பெயரை எடுத்துவிட்டார்கள். என் கணக்கை முடக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. சொந்த வீட்டிலேயே இப்படி நடந்திருக்கிறதே, இவர் மூடிய மற்றச் சண்டைகளை எப்படி நம்புவது என்று ஒருவர் ஆரம்பித்தார். எங்கள் பக்கம் பேசிய ஐந்து பேரில் மூன்று பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். பாலத்துக்காரர் எங்கிருந்தோ வந்து தன் நூறு வருடத்தைத் திருப்பிக் கேட்டார். இனிமேல் அவர் எந்தச் சண்டையையும் மூடக்கூடாது என்று முடிவானது. மீன்கொத்தி மட்டும் ‘உங்கள் நேர்மைக்கு வணங்குகிறேன்’ என்று எழுதினார்.

இதற்குமேல் ஒன்றுமில்லை என்று இருந்தபோது அடுத்த வாரப் பத்திரிகை வந்தது. இரண்டாம் பக்கத்தின் மூலையில், கட்டம் கட்டி ஒரு திருத்தம். போன இதழின் பட்டியலில் பத்தொன்பதாவது பெயர் தவறாக அச்சாகிவிட்டது, சரியான பெயர் இது என்று போட்டு, எதிர்வீட்டுக்காரியின் பெயர். வருந்துகிறோம் என்றும் போட்டிருந்தார்கள்.

அத்தான் அன்று நிருபரிடம் கேட்ட கேள்விதான் அதை அச்சில் ஏற்றியிருக்கிறது. அன்று மாலையே யாரோ அந்தத் திருத்தத்தைப் பத்தொன்பதாவது வரிக்கு இரண்டாவது ஆதாரமாகச் சேர்த்துவிட்டார்கள். அதுவரை விசாரணை அறிக்கை ஒன்றுதான் இருந்தது.

அதை அத்தானே கொண்டுவந்து அக்காவிடம் காட்டினார். மறைத்திருக்கலாம். அக்கா வாரப் பத்திரிகை வாங்குவதை நிறுத்தியிருந்தாள்.

அக்கா நின்றபடியே படித்தாள். அதே ஐந்து வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“இப்ப அம்மா செத்ததே தப்புன்னு அச்சாயிடுச்சு” என்றாள்.

“ஆமா.”

“நீங்க பொய் சொல்லலைங்க. அது எனக்குத் தெரியும். அதனாலதான் உங்ககூடச் சண்டைகூடப் போட முடியல.”

தன் தலையணையை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு இந்தப் பக்கம் என் பாய்க்கு வந்துவிட்டாள். எட்டு மாதம் ஆகிறது. அவருக்குச் சோறு வடித்து வைக்கிறாள், சட்டை துவைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த மேசையில் செய்தித்தாள் படிக்கிறார். கம்ப்யூட்டர்மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருக்கிறது.

போனவாரம் அக்கா கடைக்குப் போயிருந்தாள். அத்தான் அலுவலகத்துக்குக் கிளம்பும்முன் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சாப்பாட்டில் கேட்டார்.

“அம்மா பாக்க எப்படி இருப்பாங்க?”

கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. நான் சொன்னேன். உயரம் என்னளவுதான். நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். வேலையாக இருக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். எங்களைத் திட்டும்போது பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும், அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று காலை டோக்கன் கயிறு நீளமாக இருந்ததால் அதில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. நான் முடித்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனார்.