வெட்ட உத்தரவு கிடைக்காத வேப்பமரம்

என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருந்தார். கட்டிலுக்குப் பின்னால சுவர். சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம். அது என்னைக்காவது அவர் மேல விழும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒண்ணும் செய்ய முடியலை. அம்மன் அருளை நம்பி வந்திருக்கிற உங்ககிட்ட அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூத்தெட்டோ தொண்ணூத்தொன்பதோ, சரியா நினைவில்லை. காஞ்சிபுரத்துல நெசவுக்காரத் தெரு. ஓட்டு வீடு, ஒரே அறை. பாதியைக் குழித்தறி அடைச்சிக்கும், மீதியில அவர் கட்டில். பக்கவாதம் வந்து அவருக்கு இடது பக்கம் விழுந்துபோச்சு. நான் ஒருத்திதான் நெய்யணும், ஒருத்திதான் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். மரத்தோட வேர் சுவருக்கு அடியில பூந்து தறிக்குழி வரைக்கும் வந்துடுச்சு. மிதியில கால் வச்சா வேர் இடிக்கும். சுவர்ல என் கை நுழையற அளவுக்கு வெடிப்பு.

வெட்டிடலாம்னா, என் மாமியார் மஞ்சத்துணி சுத்தி அம்மனா கும்பிட்ட மரம் அது. ஆடி மாசம் தெருவே வந்து கூழ் ஊத்தும். வாலாஜாபாத்துல இருந்து மரம் வெட்டற ஆளைக் கூட்டிக்கினு வந்தேன். குங்குமத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டிட்டான். "அம்மன் குடியிருக்கற மரம். நான் புள்ளகுட்டிக்காரன், ஆளை வுடும்மா"ன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டான். பக்கத்து வீட்டு கண்ணப்பண்ணன்கிட்ட அழுதேன். "பூ கட்டிக் கேளும்மா. உத்தரவு கிடைச்சா நானே கயிறு பிடிக்கிறேன்"னார்.

கேட்டேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமா மடிச்சி அம்மன் கோயில்ல தாயோட காலடியில போட்டோம். பூசாரி ஒண்ணை எடுத்துப் பிரிச்சார். வெள்ளை வந்தா வெட்டலாம். சிவப்பு வந்துச்சு.

அய்யோ, அன்னைக்கு எனக்கு வந்த ஆத்திரம்! சந்நிதியிலயே நின்னு திட்டினேன். "வெட்டவும் கூடாது, போக வேற இடமும் இல்ல. அந்த மனுஷனைத் தூக்கக்கூட எனக்குத் தெம்பு இல்ல. அப்ப நீயே அவரைக் காப்பாத்து, போ!" வீட்டுக்கு வந்து, அவருக்குத் தெரியாம முந்தானையை வாயில அடைச்சிக்கினு அழுதேன்.

ஐப்பசி மழை பிடிச்சிக்கிச்சு. ஒரு நாள் காலையில, வேர் பூந்த சந்து வழியா தறிக்குழிக்குள்ள தண்ணி குபுகுபுன்னு ஏறுது. இது வேறயா தாயேன்னு தலையில அடிச்சிக்கினேன். தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டின பாவு நூல் முழுக்க முதலாளி குடுத்த பட்டு, நனைஞ்சா என் பொழப்பே போச்சு. வாசலுக்கு ஓடி, "பாவு நனையுது! பாவு நனையுது!"ன்னு கத்தினேன்.

மரம் மரம்னு மாசக்கணக்கா அழுதப்ப எட்டிப் பார்க்காத தெரு, பாவுன்னதும் ஓடி வந்துச்சு. நெசவாளி எவனும் அந்தச் சத்தம் கேட்டுச் சும்மா இருக்க மாட்டான். பாவை அவிழ்த்துச் சுருட்டித் தூக்கினாங்க. என் வீட்டுக்காரர் படுத்துக்கினே வாய் குளறி அதட்டறார்: "மெதுவா... நூல் பத்திரம்பா!" தண்ணி அதுக்குள்ள கட்டில் கால் வரைக்கும் வந்துடுச்சு. "நூல் இருக்கட்டும், உன்னைத் தூக்க வேணாமாய்யா?"ன்னு சிரிச்சிக்கினே கண்ணப்பண்ணன் ஆளுங்களைச் சேர்த்து, கட்டிலோட அவரைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கினு போயிட்டார்.

அங்க உக்காந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கினு இருந்தேன். டமார்னு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா, மரம் சுவரோட எங்க வீட்டு மேல கிடக்குது. கட்டில் கிடந்த இடத்துல அடிமரம். கண்ணப்பண்ணன் மழையிலயே தரையில உக்காந்துட்டார். நான் கோயில் இருந்த பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தெருவே சேர்ந்து சுவரை எழுப்பிக் குடுத்துச்சு. அவர் அதுக்கப்புறம் பல வருஷம் என்கூட இருந்தார், என் நெசவுல குத்தம் கண்டுபிடிச்சிக்கினே. எனக்கு இப்பவும் பயம் வரும். காத்தடிச்சா எழுந்து உக்காந்துக்குவேன். ஆனா முன்ன மாதிரி தனியா உக்காந்து அழறதில்ல, நேரா அம்மன்கிட்டப் போயிடுவேன்.

நீங்களும் போங்க. நல்லா வேண்டத் தெரியலைன்னா பரவால்ல. கும்பிட மனசு வரலையா, எதிர்ல நின்னு சண்டை போடுங்க. சண்டை போட நமக்கு வேற யாரு இருக்காங்க?