புகையிலைத் தோட்டத்து அம்மாள்

எண்பத்தைந்தாம் ஆண்டு மாசியில், என் கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, எனக்கு அம்மாள், அதாவது அம்மை நோய், வந்துவிட்டாள். அப்படித்தான் அம்மா ஊருக்கு அறிவித்தார். சண்டிலிப்பாயில் எங்கள் புகையிலைக்குப் பூச்சிமருந்து அடித்த மறுநாள், என் வலது கை முழங்கை வரை சிவந்து நீர்க்கொப்புளம் போட்டிருந்தது. அரிப்பு உயிரை வாங்கியது.

“எணை அம்மா, உது மருந்து பட்டது.”

“வாயைப் பொத்து! அவ கேட்டுக்கொண்டிருக்கிறா.”

வாசல் படலையில் வேப்பிலை கட்டியாயிற்று. பாயிலும் வேப்பிலை. பொரியல் இல்லை, குழம்பு இல்லை, முழுக்கும் இல்லை. கையைக் கழுவியிருந்தால் பாதி குணமாகியிருக்கும். தண்ணீர் பட்டால் அம்மாள் கோபிப்பாள் என்று அம்மா அதையும் தடுத்துவிட்டார். அம்மை கண்ட வீட்டில் நல்ல காரியம் நடத்தமாட்டார்கள். நாள் தள்ளிப்போனால், சகுனம் சரியில்லை என்று பெண் வீட்டார் மனம் மாறிவிடுவார்களோ என்று உண்மையாகவே பயந்தேன். பெண்ணை ஒரே முறைதான் பார்த்திருந்தேன். பயப்பட அதுவே தாராளம்.

மூன்றாம் நாள் பெண்ணின் தகப்பனார் பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் வந்தார். அவரும் புகையிலைக்காரர். அம்மா தடுக்கத் தடுக்க உள்ளே வந்து, என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, மருந்தை எதாலை கலக்கினனீர்?”

“வாளிக்குள்ளை முழங்கை மட்டும் விட்டு, கையாலைதான்.”

“அதுதானே பாத்தன். அம்மாள் வாளித் தண்ணி மட்டத்தோடை நிண்டிட்டா.”

சட்டைக் கையை மடித்துத் தன் கையைக் காட்டினார். தோல் தடித்து, கறுத்து, வெடித்திருந்தது.

“என்னட்டை பதினைஞ்சு வரியமாக் குடியிருக்கிறா. எழும்பிப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவும். கலியாணம் சொன்ன நாளிலை நடக்கும்.”

அம்மாவின் முகம் கறுத்துப்போயிற்று. எனக்கோ அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

மணவறையில் தாரை வார்க்கும்போது அவர் மகளின் கையை என் கையில் வைத்தார். கீழே தோல் உரிந்த என் கை, மேலே வெடித்த அவர் கை, நடுவில் அவள் கை. அவள் அதைப் பார்த்து விம்மி விம்மி அழுதாள். தகப்பனைப் பிரிகிற துக்கம் என்று சபையே கண் கலங்கியது.

அன்று பின்னேரம் ஆறுதல் சொல்லப் போனேன். “பண்டத்தரிப்பு என்ன லண்டனே? சைக்கிளிலை அரை மணித்தியாலம்.”

“அதுக்கு ஆர் அழுதது? அப்பாவின்ரை கைக்குச் சின்னனிலையிருந்து நான்தான் எண்ணெய் பூசுறனான். இனி உங்கடை கைக்கும் பூசவேணுமே எண்டுதான் அழுதனான்.”

நான் கையை நீட்டினேன்.