பிள்ளை பெறாதவளின் சான்றிதழ்

எழுபதுகளின் நடுவில் மதுரையில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்தேன். செய்முறைத் தேர்வில், தோலால் தைத்த பொம்மையை ஓர் இடுப்பெலும்பு மாதிரியின் வழியாக வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். பிள்ளை அழாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். செய்து காட்டினேன். "சரி, போதும்" என்றார்கள். தேறிவிட்டேன்.

போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை கிடைத்தது. ஒற்றை அறை ஆஸ்பத்திரி, அதன் பின்னால் எனக்கொரு அறை. டாக்டர் வாரம் ஒருநாள் போடியிலிருந்து ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் நான் மட்டும்தான். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன்.

வந்த புதிதில் தோட்டத்துப் பெண் ஒருத்தி, மருமகள் மாசமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சான்றிதழை அவள் பார்க்கவே இல்லை. தாலியில்லாத என் கழுத்தைப் பார்த்தாள்.

"நீ புள்ள பெத்திருக்கியா ஆத்தா?"

"இல்லம்மா. பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிருக்கேன்."

"பெக்காதவளுக்கு என்னத்தத் தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பின் காய்ச்சல், தலைவலி என்று மாத்திரைக்கு வந்தார்கள். பிரசவத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் குழந்தை பிறந்த சேதியே எனக்கு மறுநாள்தான் எட்டும். பேச ஆளில்லாமல், படித்த பாடங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.

ஐப்பசி மழையில் மண் சரிந்து ஜீப்புகள் நின்றுபோயிருந்த ஒரு மதியம், அதே மாமியார்க்காரி ஓடிவந்தாள்.

"வெரசா வா ஆத்தா. தலை தெரியுது, புள்ள எறங்க மாட்டேங்குது. போடிக்கும் கொண்டுபோக முடியல."

லயத்துக்கு ஓடினேன். அவள் மருமகள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நொறுங்கியது. பொம்மை ஒருநாளும் என்னைப் பிடித்ததில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கொடியை விலக்கினேன். பிள்ளை வந்தது, நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல். வாயைத் துடைத்து, சளியை உறிஞ்சி எடுத்து, முதுகைத் தேய்த்தேன். கைகள் தாமாகச் செய்தன. தேர்வில் கேட்டது வீண் கேள்வி இல்லை. ஆனால் "சரி, போதும்" என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளை அழுதது.

மாமியார்க்காரி கட்டன்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதெல்லாம் பரீட்சையில கேட்டாகளா?"

"கேட்டாங்கம்மா."

"அப்ப நல்ல பரீட்சைதேன்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பாதை சரியாகி டாக்டர் வந்தபோது, "தாயும் பிள்ளையும் நலமா?" என்று கேட்டார். நலம் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

பிறகு லயத்துப் பெண்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பிள்ளை பிறந்ததும் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். நான் கைகளைக் கழுவிக்கொண்டு, ஏலச்செடிகளுக்கு நடுவே தனியாக இறங்கி வருவேன்.