கறிவேப்பிலைச் செடியின் கடைசிப் புழு

பட்டாபிராமில் எங்கள் வீட்டு வாசலில், என் மனைவியின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில், பெயின்ட் பக்கெட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. அது அவளுடைய செல்லம். மோர் புளித்தால் அதற்குத்தான் போகும், எனக்குக் கிடைக்காது. மேலே போகும் கரண்டு கம்பியில் உட்காரும் காக்காய்கள் இலையில் போடும் எச்சத்தை ஈரத்துணியால் துடைப்பது மட்டும் என் வேலை.

ஒருநாள் துடைக்கப் போன எச்சம் நகர்ந்தது.

எச்சமாவது நகர்வதாவது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். புழு. பறவை கொத்தாமல் இருக்க, பறவையின் எச்சம் மாதிரியே வேஷம் கட்டி உட்கார்ந்திருந்தது. எனக்கு அதன் மேல் மரியாதையே வந்துவிட்டது. அன்றைக்கே செல்போனில் மாட்டுகிற குட்டி லென்ஸ் ஒன்று வாங்கினேன்.

தோலை உரித்து உரித்து வளர்ந்தது. ஒரு கட்டத்தில் வேஷத்தைக் கலைத்துப் பச்சையாகி, கழுத்துப் பக்கம் இரண்டு பொய்க்கண் வைத்துக்கொண்டு, குட்டிப் பாம்பு போல முறைத்தது. சீண்டினால் சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டும் என்று படித்தேன். அந்தக் கொம்பைப் படம் எடுக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈர்க்குச்சியால் தட்டினேன். ஊதினேன். கெஞ்சினேன். அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது.

ரசத்துக்கு இலை பறிக்க வந்த மனைவி கை வைத்ததும், எனக்குக் காட்டாத கொம்பை அவளுக்கு நீட்டியது. கூடவே அழுகிய எலுமிச்சை நாற்றம். சோப்பு போட்டுக் கழுவிவிட்டு விரலை மோந்து மோந்து பார்த்தாள்.

“இலையெல்லாம் பூட்ச்சி, குச்சிதான் நிக்குது. இதுல நாத்தம் வேற. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் தூக்கி ரோட்ல போட்ருவேன்.”

செடியில் இருந்த மற்ற புழுக்களைக் குருவிகள் கொத்தியது போக மிஞ்சியது அது ஒன்றுதான். அது பட்டாம்பூச்சியாகிப் பறப்பதைப் பார்த்தே தீருவேன் என்று இருந்தேன். ஞாயிறு காலை பல் துலக்காமல் போய்ப் பார்த்தால், செடியில் புழு இல்லை.

“எங்க போட்ட அத?”

“உங்க புழுவ நான் இன்னாத்துக்குத் தொடறேன்?”

நம்பவில்லை. இரக்கம் இல்லாதவள் என்றேன். அவள் சுடச்சுட இட்லி வைத்தாள். வேண்டாம் என்று எழுந்துவிட்டு, அவள் குளிக்கப் போனதும் சாப்பிட்டேன். நிஜமாகவே துக்கமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் ஆவடி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பினாள். வண்டியை எடுக்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

“வண்டி ரிப்பேரா?”

திரும்பி வந்து, ஸ்கூட்டர் கண்ணாடிக்கு அடியில் கை காட்டினாள். காய்ந்த சருகுத் துண்டு ஒன்று, இடுப்பில் நூல் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டுப்புழு. புதிய வேஷம்.

“நேத்து சாயங்காலந்தான் பாத்தேன். வண்டிய எடுத்தா ஆடி உழுந்துடும். ரெயில்ல போய்க்கிறேன்.”

இரக்கம் இல்லாதவள் என்ற வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். வெட்கமாக இருந்தது. பட்டாம்பூச்சி வருகிறவரை அவள் நெரிசலில் தொங்கிக்கொண்டு போய்வந்தாள். ஸ்கூட்டர் வாசலில் ஓய்வெடுத்தது.

அது வெளியே வந்த காலையில் நான் ஆபீசில் இருந்தேன். அவளுக்கு லீவு. என் லென்ஸ் என் பையில். அவள் தன் போனில் எடுத்த படத்தில் பாதிக்கு அவள் கட்டைவிரல். மீதியில் கருப்பாக, வெள்ளைப் புள்ளி வரிசையோடு ஏதோ ஒன்று நடுங்கியது. அதைக் குடும்ப குரூப்பில் போட்டு, கீழே எழுதியிருந்தாள்: “நான் வளத்தது.”

மச்சினிச்சிகள் எல்லாம் பாராட்டிக் குவித்தார்கள். நானும் ஒரு கைதட்டல் போட்டேன்.