அம்மாவின் மேல் வைத்த ஃபோகஸ்

அப்பா ரயில் ஓட்டியவர். சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். ரிட்டயர் ஆகப்போகிற மாதத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் வண்டி ஓட்டற மாதிரி ஒரு போட்டோ வேணும் கண்ணு. மாலையும் கழுத்துமா நிக்கறதெல்லாம் வேண்டாம். வண்டி ஓடிட்டிருக்கோணும்."

நியாயமான ஆசைதான். என்ஜினுக்குள் செல்போனைத் தொடக்கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. எங்கள் வீட்டு ஆல்பத்தில் அவர் மாப்பிள்ளையாக இருக்கிறார், பழனியில் மொட்டை போட்டவராக இருக்கிறார், என்னைத் தோளில் தூக்கிய அப்பாவாக இருக்கிறார். டிரைவராக மட்டும் எங்கேயும் இல்லை.

"அதுக்கென்னப்பா, நான் எடுத்துத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதுமே எனக்கு நாலடி முன்னால் போகும். என்னிடம் இருந்தது கைப்பைக்குள் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா. போனில் தூரத்து முகத்தைப் பெரிதாக்கினால் மாவுபோல் கரைந்துவிடும். இதில் ஜூம் நன்றாக இருக்கும். அந்தத் தைரியத்தில் சொன்னதுதான்.

கடைசி ஓட்டத்துக்கு முந்தைய வாரம் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜங்ஷனில் ஒத்திகை பார்க்கப் போனேன். என்ஜினில் டிரைவர் இடப்பக்கம் உட்காருவார். அப்பா வண்டி வழக்கமாக வரும் பிளாட்பாரமும் இடப்பக்கம்தான். எல்லாம் தோதாக இருந்தது, கேமராவைத் தவிர. வண்டி நெருங்கும்போது பொத்தானை அழுத்தினால் லென்ஸ் முன்னால் போகும், பின்னால் வரும், திரும்ப முன்னால் போகும். அது யோசித்து முடித்துப் படம் எடுக்கும்போது என்ஜின் போய்விட்டிருக்கும். ஒரு படத்தில் மூன்றாவது பெட்டி ஜன்னலில் ஒருவர் வடை தின்கிறார். மீசையில் ஒட்டிய துணுக்கு வரைக்கும் துல்லியம். இன்னொன்றில் கடைசிப் பெட்டி கார்டு பச்சைக் கொடியோடு நிற்கிறார். கார்டுகளின் படம் யாருக்காவது வேண்டுமென்றால் என்னைக் கேட்கலாம்.

டீ விற்கிறவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏனுங்க அம்மிணி, வண்டி புடிக்க வந்தீங்களா, படம் புடிக்க வந்தீங்களா? ரெண்டும் ஆகறாப்ல தெரியலீங்களே" என்றார். எனக்கு வந்ததே கோபம். அவரை ஒன்றும் சொல்ல முடியாமல் கேமராவின் பொத்தான்களைக் கண்டபடி அழுத்தினேன்.

திரையின் ஓரத்தில் ஸ்கேல் மாதிரி ஒரு கோடு எழுந்தது. அதன் ஒரு முனையில் பூப்படம், மறுமுனையில் மலைப்படம். லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருப்பினால் கோட்டின் மேல் ஒரு குறி நகர்ந்தது. திரையின் நடுப்பகுதி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கிட்டத்துக்கான பூப் பக்கம் திருப்பினால் தூண் மங்கியது, தூரத்துக்கான மலைப் பக்கம் திருப்பினால் தூண் தெளிந்தது. ஃபோகஸை நாமே ஒரு தூரத்தில் நிறுத்தி வைத்துவிடலாம். அதற்கப்புறம் கேமரா யோசிக்காது. அழுத்திய நொடியில் எடுத்துவிடும். இத்தனை வருஷம் இதைத் தொடாமல் வைத்திருந்த என் சாமர்த்தியத்தை என்ன சொல்ல.

ஒரே ஒரு சிக்கல். என்ஜின் எந்த இடத்தில் வரும்போது அழுத்தப்போகிறேனோ, அந்த இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைக்க ஏதாவது வேண்டும். தூண்களெல்லாம் உள்ளே தள்ளி இருந்தன. பிளாட்பார ஓரத்து மஞ்சள் கோட்டுப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றால்தான் கணக்கு சரிவரும்.

அந்த நாள் வந்தது. அம்மா வீட்டிலேயே இருந்து பாயசம் வைக்கிறேன் என்றாள். அப்பா வண்டி ஓட்டி அவள் பார்த்ததே இல்லை. நான் விடவில்லை.

"எனக்கு ஒரு ஆள் வேணும்மா. நீ நின்னாப் போதும், உன்னை வெச்சு ஃபோகஸ் பண்ணிக்குவேன்."

"அதுக்கு ஒரு மூட்டைய நிறுத்தி வெச்சாப் பத்தாதா?" என்று கேட்டுக்கொண்டே பட்டுப்புடவை கட்டினாள்.

அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் மாலையும் மேளமுமாக வண்டி நிற்கும் முனையில் கூடியிருந்தார்கள். நாங்கள் வண்டி உள்ளே வரும் பக்கமாக, அதற்கு வெகு முன்னாலேயே நின்றோம். அம்மா மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். வெயிலில் திரை தெரியவில்லை. துப்பட்டாவைத் தலைக்கும் கேமராவுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, அம்மாவின் தோட்டுக் கல் தெளியும் வரை வளையத்தைத் திருப்பினேன்.

"போதும்மா. வண்டி வந்ததும் பின்னாடி போயிரு."

தலையாட்டினாள். வண்டி ஹாரன் அடித்து உள்ளே வந்தது. அவள் நகரவில்லை. "அம்மா, தள்ளு" என்று கத்தினேன். ஹாரன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்ஜின் அவள் பக்கத்தில் வந்துவிட்டது. அழுத்தினேன். ஒரே ஒரு படம்.

"ஃபோகஸுக்கு நிக்கச் சொன்னா குறுக்க நிக்கறியேம்மா" என்று அங்கேயே சண்டைக்குப் போனேன். அவள் மேளம் கேட்ட பக்கம் நடந்தாள். எல்லாரும் அப்பாவுக்கு மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள், லட்டு கொடுத்தார்கள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு லட்டு தின்றேன். படத்தைப் பார்க்கவே மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். பார்த்ததும் கட்டிலை விட்டுக் குதித்தேன். அம்மா நின்ற தூரமும் அப்பா வந்த தூரமும் ஒன்றுதானே, இரண்டு பேருமே பளிச்சென்று இருந்தார்கள். ஜன்னலில் வெள்ளைச் சட்டையோடு அப்பா, கை என்ஜின் பிடியின் மேல், கண் நேர் எதிரே சிக்னல் பக்கம். கீழே அம்மா ஓரமாக, அண்ணாந்து அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அப்பா கண்ணாடி மாட்டிக்கொண்டு கேமராவை வாங்கினார். தன்னைப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் கீழே நின்றவளைப் பார்த்தார்.

"ஏம் புள்ள, இத்தன பக்கத்துலயா நின்ன?"

"ஆமாங்க."

"எனக்குத் தெரியவே இல்லையே. ஒரு சத்தம் குடுத்திருந்தா திரும்பிப் பாத்திருப்பனே."

அம்மா பாயசத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"பாத்திருவீங்கன்னுதான் குடுக்கலீங்க. வண்டி நிறைய சனம் இருந்துதுங்களே."